தொடங்க மறுக்கும் வீட்டுக் கணினியை மீட்டல்

மின்பொத்தானை அழுத்திய பிறகு வேலைத்திரை வரை வந்து சேராமல் வழியில் நின்றுவிடும் கணினியில், நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் கோப்புகளைக் காப்பாற்றி, அதை மறுபடி ஓடவைப்பது இந்த மீட்பு வேலை. இதில் இரண்டு காரியங்கள் பின்னிக் கிடக்கின்றன. கணினியைச் சரிசெய்வது ஒன்று. குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள், கடைக் கணக்கு, பாதி எழுதிய ஆய்வேடு என உள்ளே இருப்பவற்றை வெளியே எடுப்பது மற்றொன்று. உதிரிபாகம் எதுவானாலும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். போன கோப்பை வாங்க முடியாது. ஆகவே இரண்டாவது காரியம்தான் முதலில் நடக்கவேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. கணினி ஓடினால் போதும் என்ற அவசரத்தில் செய்கிற முதல் சில வேலைகளே கோப்புகளைத் தொலைத்துவிடுகின்றன.

வீடுகளில் அதிகம் புழங்குபவை இன்டெல், ஏஎம்டி செயலிகள் கொண்ட விண்டோஸ் கணினிகள் என்பதால் இக்கட்டுரை அவற்றையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

## தொடக்கத்தின் வரிசை

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது மின்வழங்கி. கடையில் எஸ்எம்பிஎஸ் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். அது 12, 5, 3.3 வோல்ட் மின்னழுத்தங்களை உண்டாக்கி, அவை நிலைப்பட்டதும் மின்சாரம் சரியாக இருக்கிறது என்ற சமிக்ஞையை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. இன்டெல் 1995-இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை இதற்கு 100 முதல் 500 மில்லிநொடி வரை இடம் தருகிறது. சமிக்ஞை வரும்வரை செயலி கட்டிவைக்கப்பட்டிருக்கும். வந்தபின், 4 ஜிபி முகவரி எல்லைக்கு 16 பைட்டு கீழே உள்ள இடத்திலிருந்து அது தன் முதல் கட்டளையை எடுக்கிறது. அந்த முகவரி மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய ஃபிளாஷ் சில்லுக்குப் போய்ச் சேருகிறது. அதில் குடியிருக்கும் நிலைபொருளுக்கு 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்து பயாஸ் என்று பெயர். இன்று அதன் வேலையை யூஇஎஃப்ஐ பார்க்கிறது. பேச்சு வழக்கில் அதுவும் பயாஸ்தான்.

நிலைபொருள் ரேம், கிராஃபிக்ஸ், கீபோர்டு, சேமிப்பகம் ஆகியவற்றைச் சோதித்துவிட்டு இயங்குதளத்தின் தொடக்க நிரலைத் தேடுகிறது. பழைய முறையில் அது வட்டின் முதல் 512 பைட்டுகளில் இருந்தது: நிரலுக்கு 446 பைட்டு, பிரிவுகளின் அட்டவணைக்கு 64 பைட்டு, அடையாளக் குறிக்கு 2 பைட்டு. யூஇஎஃப்ஐ முறையில் வட்டில் ஃபேட்32 வடிவில் தனியாக ஒரு சிறு பிரிவு உண்டு. அங்கிருக்கும் தொடக்க நிரல் பிசிடி என்ற குறிப்பேட்டைப் படித்து, விண்டோஸ் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதை ஏற்றுகிறது.

இந்த வரிசை மாறுவதே இல்லை. கோளாறு தேடுபவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. உற்பத்தியாளரின் சின்னம் திரையில் வந்துவிட்டால் எஸ்எம்பிஎஸ், செயலி, ரேம், திரை எல்லாம் ஓரளவாவது வேலை செய்கின்றன என்று பொருள். அதன் கீழே புள்ளிகள் சுழலத் தொடங்கி நின்றால், வட்டு கண்டறியப்பட்டு அதன் தொடக்கப் பகுதியும் படிக்கப்பட்டாயிற்று. கணினி எந்தத் திரையில் நிற்கிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், கடைக்காரரிடம் ‘ஆன் ஆகலை’ என்று மட்டும் சொல்வதைவிடப் பல மடங்கு பயன்படும்.

## உயிரே இல்லாதபோது

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் கோளாறு மின்பாதையில் இருக்கிறது. முதலில் யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு நேரே சுவர் பிளக்கில் மாட்டிப் பார்க்கவேண்டும். யுபிஎஸ்ஸின் பேட்டரி செத்துப்போனதைக் கணினி செத்துவிட்டதாக எண்ணுவது வழக்கமாக நடப்பது. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்ச் துடைக்கும்போது அணைந்திருக்கலாம். மடிக்கணினியானால் வேறொரு சார்ஜரில் பார்ப்பது. பிறகு சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மீந்த மின்னூட்டத்தை வடியவிடுவது. இத்தனை எளிய காரியத்தில் உயிர்பெற்ற மடிக்கணினிகள் ஏராளம்.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் எஸ்எம்பிஎஸ்ஸை மேலும் சோதிக்கலாம். அதன் 24 முனை இணைப்பில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. ஊதா வயரில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்கவேண்டும். பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால் மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் ஓடும். முக்கியமான இந்த அழுத்தங்கள் 5 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது. 12 வோல்ட் வயரில் 11.4-க்குக் கீழே காட்டினால் மாற்றவேண்டியதுதான். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் கூடவே கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும்போது உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கியில் 325 வோல்ட் வரை ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது.

## டிஸ்ப்ளே வராதபோது

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே கிடக்கிறது. பழுது பார்ப்பவர்கள் இதை ‘டிஸ்ப்ளே வரலை’ என்பார்கள். முதல் சந்தேகம் ரேம் மீது விழுகிறது. அது சரியான சந்தேகம். ரேம் பலகையின் தங்கமுலாம் பூசிய முனைகளில் நாளடைவில் அழுக்குப் படிகிறது. கடலோர ஊர்களின் ஈரக் காற்று இதை விரைவுபடுத்துகிறது. பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ரேமின் இருபுறப் பிடிகளையும் விலக்கி எடுக்கவேண்டும். பள்ளிக்கூட ரப்பரால் முனைகளை ஒரே திசையில் மெல்லத் தேய்த்தால் மங்கலான மஞ்சள் பளிச்சென்று மாறுவது கண்ணுக்கே தெரியும். ரப்பர்த் துகளை ஊதிவிட்டு, இரு பக்கமும் ‘டக்’ என்று பிடி விழும் வரை அழுத்திச் செருகவேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்து, பிறகு மற்றொன்றைப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி எது என்று தெரியும். கிறிஸ் பிரேடி 1994-இல் எழுதத் தொடங்கிய மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரல்கள், டிஸ்ப்ளே வந்த பிறகு ரேமை முழுதாகச் சோதிக்க உதவும்.

மதர்போர்டில் ஒலிப்பான் இருந்தால் அது பேசும். முதல் ஐபிஎம் பிசியில் ஒரு குட்டை ஒலி எல்லாம் நலம் என்று பொருள்பட்டது. அவார்டு பயாஸில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் கிராஃபிக்ஸ் கோளாறு. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்திருப்பதால் போர்டின் கையேட்டைப் பார்த்தே முடிவுக்கு வரவேண்டும். புதிய போர்டுகள் பலவற்றில் செயலி, ரேம், கிராஃபிக்ஸ், வட்டு என நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே பார்க்கவேண்டும்.

டிடிஆர்5 ரேம் போட்ட புதிய கணினிக்குப் பொறுமை தேவை. முதல் தடவையில் நிலைபொருள் ரேமுக்கு ஏற்ற நேர அளவுகளைப் பழகிக்கொள்ள சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அந்த இடைவெளியில் பயந்துபோய் அணைத்தால் பழக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

## சிஆர்2032

மதர்போர்டில் நாணயம்போல் பதிந்திருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரிக்குச் சிஆர்2032 என்று பெயர்: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவதும், பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளைக் காப்பதும் இதன் வேலை. சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தேதி பழைய ஆண்டுக்குப் போயிருப்பது முதல் அறிகுறி. தேதி தவறினால் உலாவியில் பாதுகாப்பான தளங்களும் திறக்க மறுக்கும்.

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் தன் ஆலை அமைப்புக்குத் திரும்புகிறது. சேமிப்பக முறை ஏஹெச்சிஐ என்று இருந்த இடத்தில் ஐடிஇ அல்லது ரெய்டு என்று மாறிக்கொள்ளலாம். விண்டோஸ் பழைய முறைக்கான இயக்கியோடு எழுந்து, வட்டைத் தொட முடியாமல் 7பி என்ற எண்ணோடு நீலத்திரை காட்டி நிற்கிறது. வட்டு நலமாக இருக்கிறது, விண்டோஸும் நலமாக இருக்கிறது. சில பத்து ரூபாய்ப் பேட்டரியை மாற்றி, பயாஸில் அந்த ஒரு வரியைப் பழையபடி திருத்தினால் தீர்ந்தது. இதைக் கண்டுகொள்ளாமல் ‘விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சிடலாம்’ என்று முடிவெடுக்கும்போது, அழியவே தேவையில்லாத ஒரு குடும்பத்தின் பத்தாண்டுப் படங்கள் அழிகின்றன. நீலத்திரை வந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அடுத்த அடி வைக்கக்கூடாது.

## விண்டோஸ் நிற்கும் இடம்

வட்டு எதுவும் இல்லை என்று திரை சொன்னால், முதலில் சொருகியிருக்கும் பென் டிரைவ்களை உருவிவிடவேண்டும். தொடக்க வரிசையில் பென் டிரைவ் முன்னால் இருந்தால் கணினி அதிலேயே தேடிக்கொண்டு நிற்கலாம். பிறகு பயாஸில் நுழைந்து வட்டின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெயர் இல்லையென்றால் கோளாறு கேபிளிலோ வட்டிலோதான். எந்த மென்பொருளும் உதவாது. பெயர் இருந்தால் மென்பொருள் பக்கம் நம்பிக்கை இருக்கிறது.

விண்டோஸ் 95 கொண்டுவந்த பாதுகாப்பு முறைக்கு (சேஃப் மோடு) நெடுங்காலம் எஃப்8 விசைதான் வாசல். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது தொடக்கம் அத்தனை வேகமாகிவிட்டது; விசை அழுத்தக் கிடைத்த அவகாசம் 200 மில்லிநொடிக்கும் குறைவு. இன்று அடுத்தடுத்து இரண்டு முறை தொடக்கம் தோற்றால் விண்டோஸ் தானாகவே மீட்புச் சூழலுக்குள் போகிறது. போகாவிட்டால், சின்னம் தெரியும்போது மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்து வரவழைக்கலாம். தட்டு சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில், குறிப்பாக அது சத்தம் போடும் நிலையில், இதைச் செய்யாமல் மீட்புப் பென் டிரைவிலிருந்து நுழைவதே நல்லது.

மீட்புச் சூழலில் தொடக்கப் பழுதுபார்ப்பு, அண்மைப் புதுப்பிப்பை நீக்குதல், முந்தைய மீட்புப் புள்ளிக்குத் திரும்புதல், பாதுகாப்பு முறை ஆகியவை கோப்புகளைத் தொடாத வழிகள். புதுப்பிப்பின் நடுவே மின்வெட்டு வந்து நின்ற கணினிகளை இவற்றில் ஏதாவதொன்று பெரும்பாலும் எழுப்பிவிடும். பிசிடி குறிப்பேடு கெட்டிருந்தால் பிசிடிபூட் கட்டளை தொடக்கப் பிரிவைப் புதிதாக எழுதித் தரும். கட்டளை கொடுக்கும்முன் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: மீட்புச் சூழலில் இயக்கக எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். வழக்கமாகச் சி எனத் தெரியும் பிரிவு அங்கே டி ஆக இருக்கலாம். கோப்புறைகளைப் பட்டியலிட்டு விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று உறுதி செய்தபின்னரே கை வைக்கவேண்டும்.

செக்டிஸ்க் கட்டளை இணையத்தில் எல்லோரும் சொல்லும் முதல் மருந்து. நலிந்துவரும் வட்டில் அது ஆபத்து. வட்டு முழுவதையும் உழுது தேடுவதோடு, படிக்க முடியாத இடங்களை ஒட்டியுள்ள கோப்புப் பதிவுகளைத் திருத்தி எழுதியும் விடுகிறது. கோப்புகளை வெளியே எடுத்த பிறகு செய்யவேண்டிய வேலை அது.

## பூட்டிய வட்டு

2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும் கணினிகளில் வட்டு மறையாக்கம் இயல்பாகவே தொடங்கிவிடுகிறது. மதர்போர்டு மாற்றினாலோ, சில வேளை பயாஸ் அமைப்பை மாற்றினாலோ, திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ கணக்கைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். சாவி எங்குமே இல்லையென்றால் அந்த வட்டைத் திறக்க வழி இல்லை. கணக்கின் கடவுச்சொல்லையே மறந்திருப்பவர்கள் கணினி நன்றாக ஓடும்போதே அச்சாவியைத் தாளில் எழுதி வைக்கவேண்டும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவை நிறுவனக் கணினிகள்தாம். ஆனால் தீர்வு வீட்டுக் கணினியில் செய்வதேதான்: பாதுகாப்பு முறையில் நுழைந்து, இயக்கிகளின் கோப்புறையில் 291 என்ற எண் தாங்கிய ஒரு கோப்பை அழிப்பது. இரண்டு நிமிட வேலை நாள்கணக்கில் இழுத்ததற்குக் காரணங்களில் ஒன்று, வட்டுகள் பூட்டியிருந்ததும் ஒவ்வொரு கணினிக்கும் அதன் 48 இலக்கச் சாவியைத் தேடவேண்டியிருந்ததும்.

## கோப்புகளை எடுத்தல்

வட்டு பயாஸில் தெரிந்து விண்டோஸ் மட்டும் எழாமல் இருந்தால் கோப்புகளை எடுப்பது கடினமில்லை. ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர் 2000-இல் வெளியிட்ட க்னாப்பிக்ஸ் புகழாக்கிய வழி இதற்குப் போதும்: வட்டில் எதையும் நிறுவாமல், குறுந்தட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ ஒரு முழு லினக்ஸை ரேமில் ஓட்டுவது. இன்று உபுண்டு, லினக்ஸ் மின்ட் எல்லாவற்றிலும் இது உண்டு. நண்பர் வீட்டுக் கணினியில் அதை ஒரு பென் டிரைவில் எழுதிவந்து, தொடங்காத கணினியில் மாட்டி ஏற்றி, வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றுக்குக் கோப்புகளை நகலெடுக்கலாம். விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்கம் காரணமாக, அணைத்த கணினியும் பாதி உறங்கும் நிலையில்தான் இருக்கும். அதனால் லினக்ஸ் அந்தப் பிரிவைப் படிக்க மட்டும் அனுமதிக்கலாம். நகலெடுக்க அது போதும், பாதுகாப்பும் அதுவே.

மற்றொரு வழி, வட்டைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் இணைப்பது. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் இவ்வுறைகள் எளிதில் கிடைக்கும். ஆப்பிளின் புதிய கணினிகளில் இது நடக்காது. அவற்றின் சேமிப்பகத்தின் மறையாக்கம் அதே கணினியின் சில்லோடு பிணைந்தது. அங்கே மின்பொத்தானை அழுத்திப் பிடித்து மீட்பு முறைக்குள் போய், கேபிளால் இன்னொரு மேக்கோடு பகிர்வதுதான் வழி.

வட்டே நலிந்திருந்தால் கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்கக்கூடாது. குனூ டிடிரெஸ்க்யூ என்ற நிரல் எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துப் பிறகு திரும்பி வருகிறது. இடையில் நிறுத்தினாலும் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்படி எடுத்த முழு நகலின் மீதே மற்ற மீட்பு வேலைகள் நடக்கவேண்டும். தொலைந்த பிரிவு அட்டவணையை டெஸ்ட்டிஸ்க் தேடிக் கொடுக்கும். அதன் உடன்பிறப்பான ஃபோட்டோரெக், கோப்புப் பெயர்கள் எல்லாம் போன நிலையிலும், படங்களின் தொடக்கத்தில் மாறாமல் வரும் பைட்டுகளை வைத்து அவற்றை அடையாளம் கண்டு எடுக்கும்.

முழுதும் போய்விட்டது என்று தோன்றியவை திரும்பிய வரலாறும் உண்டு. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் நச்சுநிரல் 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் கணினிகளின் பயாஸ் சில்லை அழித்து, வட்டின் முதல் 1 எம்பியைத் துடைத்தது. சில்லைக் கழற்றி மறுபடி எழுதும்வரை அந்தக் கணினிகள் எழவே இல்லை. வட்டிலோ ஃபேட்32 முறை கோப்பு அட்டவணையை இரண்டு நகலாக வைத்திருந்தது. முதல் நகல் அழிந்தாலும் இரண்டாவது நகல் பல வட்டுகளில் 1 எம்பிக்கு அப்பால் தப்பிக் கிடந்தது. அதைக்கொண்டு பலரது கோப்புகள் முழுதாகத் திரும்பின. அவசரப்பட்டு விண்டோஸை மறுபடி நிறுவியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது.

இப்போது அந்த ஆபத்து கூடியிருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க்கை விரைவாக ஃபார்மட் அடித்தாலும் தரவு கீழே கிடக்கும். மீட்பு நிரல்கள் தோண்டி எடுக்கும். எஸ்எஸ்டியில் ஃபார்மட் அடித்ததும் ட்ரிம் என்ற கட்டளை அந்த இடமெல்லாம் இனித் தேவையில்லை என்று வட்டுக்கே சொல்லிவிடுகிறது. வட்டு அதைத் தானாகத் துடைத்துக்கொள்ளும். அதன்பின் மீட்பு நிரல் எதைத் தேடினாலும் வெறுமைதான் கிடைக்கும். பழுதுக்குக் கொடுக்கும்போது, கோப்புகளை எடுக்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கவேண்டும். முடிந்தால் வட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடுக்கலாம்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சீராகச் சத்தம் வந்தால் வீட்டு வைத்தியம் அத்துடன் நிற்கவேண்டும். தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் படிப்புத்தலை பழுதாகித் தன் இடத்தைத் தேடி அலையும் ஒலி அது. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் அது தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். உறைபெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகும் என்ற பழைய நம்பிக்கையில் ஈரம் படிந்து தட்டு கெட்டதுதான் மிச்சம். தரவு மீட்புக் கூடங்களில் தூசி வடிகட்டிய காற்றின் கீழ் வட்டைத் திறந்து, அதே மாதிரியைச் சேர்ந்த வேறு வட்டின் தலைகளைப் பொருத்துகிறார்கள். அதே எண் கொண்ட இன்னொரு வட்டை வாங்கி, அடியிலுள்ள பச்சைப் பலகையை மட்டும் மாற்றிப் போடுவது 1990-களில் பலித்தது. இன்று ஒவ்வொரு வட்டும் ஆலையில் அளக்கப்பட்ட தனக்கே உரிய திருத்த எண்களைப் பெரும்பாலும் அந்தப் பலகையின் ஒரு சிறு சில்லில் வைத்திருக்கிறது. பழைய பலகையிலிருந்து அந்தச் சில்லைப் பெயர்த்துப் புதியதில் பற்றவைத்தால்தான் தலை தன் தடத்தைக் கண்டுகொள்ளும். அதனால் கருகிப்போன பலகையானாலும் அதைக் குப்பையில் போடாமல் வட்டோடு சேர்த்தே கூடத்தில் கொடுக்கவேண்டும்.